அரை நிமிஷ மௌனமும் ஆறு நாடுகளும்

அலுவலகத்தில் அவளுக்கு "சண்டை மேடம்" என்று பெயர். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே. "சண்டை மேடம் வந்தாச்சு, கண்ணாடியைத் துடைச்சு வை" என்று வாசல் காவலாளி உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுப்பார். அவள் சிரித்துக்கொண்டே மாடி ஏறுவாள். அவள் அறைக் கதவில் ஒரு பித்தளைப் பலகை உண்டு: "பதின்ம வயதினரும் பெற்றோரும்: ஆறு நாடுகளில் உறவு வளர்ச்சி பற்றிய உளவியல் ஒப்பாய்வு." அதைப் படித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். பச்சையாகச் சொன்னால் வேலை இதுதான். பதினைந்து வயசுப் பிள்ளையையும் அதன் அம்மாவையோ அப்பாவையோ ஓர் அறையில் உட்கார வைத்துச் சண்டை போடச் சொல்லவேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அதைப் பார்க்கவேண்டும். கொடுத்து வைத்த மகராசி. நம் வீட்டில் தினம் நடப்பதை நாம் ஓசியில் பார்த்துத் தலைவலி வாங்கிக்கொள்கிறோம், அவளுக்கு அதற்கு மாதச் சம்பளம்.

அந்த அறையில் இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, தண்ணீர் ஜாடி, இரண்டு டம்ளர். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருப்பவருக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி. அடுத்த அறையில் இருட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அது ஜன்னல். கண்ணாடிக்குப் பக்கத்திலேயே கதவு. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு. "விளக்கு எரியும்போது யாரும் எக்காரணம் கொண்டும் உள்ளே நுழையக்கூடாது" என்று எழுதி ஒட்டியிருக்கிறது. எழுதியவள் அவளேதான். ஒரு தடவை உள்ளே ஒரு தாயும் மகனும் செருப்பைக் கையில் எடுக்கும் அளவுக்குப் போய்விட்டார்கள். அப்போதும் அவள் போகவில்லை, மற்றவரையும் விடவில்லை. செருப்பு பறந்த கோணத்தைத்தான் குறித்துக்கொண்டாள்.

இதே அறை ஆறு நாட்டிலும் இருக்கிறது. அதே நாற்காலி, அதே ஜாடி. தீவு நாட்டுக்காரர்கள் சுவருக்கு நீலம் அடித்துவிட்டார்கள் என்று ஒரு வருஷம் பஞ்சாயத்து நடந்தது. நீலச் சுவரைப் பார்த்தால் பிள்ளைகளுக்குக் கோபம் தணிந்துவிடுமாம், கணக்கு கெட்டுவிடுமாம். கடைசியில் மற்ற ஐந்து நாடும் நீலம் அடித்துக்கொண்டன. சண்டைக்கும் ஒரு பட்டியல் உண்டு: கைப்பேசி, தூங்கும் நேரம், துணி மடிப்பது, நண்பர்கள் என்று. அதிலிருந்து ஒன்றைக் குடும்பமே தேர்ந்தெடுக்கலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதிலேயே பலருக்கு நேரம் முடிந்துவிடும்.

சண்டையைப் படம் பிடித்தபிறகு அதைப் பார்த்துக் குறிப்பதற்கென்று ஆட்கள் உண்டு. கோடர் என்பார்கள். முகம் சுளித்தால் ஒரு எண். குறுக்கே பேசினால் ஒரு எண். பெருமூச்சில் மட்டும் மூன்று வகை. ஒரே பெருமூச்சுக்கு எல்லாக் கோடரும் ஒரே எண்ணைப் போடவேண்டும். இல்லாவிட்டால் ஆய்வு செல்லாது, மொத்தமும் குப்பை. அதனால் வேலைக்குச் சேரும் ஒவ்வொரு கோடருக்கும், எந்த நாடாக இருந்தாலும், முதலில் ஒரே ஒரு படத்தைப் போட்டுப் பயிற்சி கொடுப்பார்கள். அதற்கு ஆதாரப் படம் என்று பெயர். அந்தப் படத்தில் இருக்கும் அப்பா அவளுடைய வீட்டுக்காரர். மகள் அவளுடைய மகள்.

வேண்டுமென்று செய்த காரியம் இல்லை அது. முதல் நாள் வரவேண்டிய குடும்பம் வரவில்லை. சண்டை போட வருவதா வேண்டாமா என்று வீட்டிலேயே சண்டை வந்து, பையன் கதவைச் சாத்திக்கொண்டானாம். காமிராக்காரர்கள் காத்திருக்கிறார்கள். வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அந்த நேரம் பார்த்து, அவள் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வீட்டுக்காரரும் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளும் வாசலில் வந்து நின்றார்கள். "அஞ்சு நிமிஷம், சும்மா உக்காருங்க, காமிரா சரியா இருக்கான்னு பாக்கத்தான்" என்று இரண்டு பேரையும் உள்ளே தள்ளிவிட்டாள். துணி மடிக்கிற விஷயம். மகள் துவைத்த துணியை மடிக்காமல் நாற்காலியில் மலையாகக் குவிக்கிறாள் என்று அப்பா ஆரம்பித்தார். அவர் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். நாள் முழுக்கக் கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்ட்டின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிற மனிதர். அவர் சண்டை போட்டால் எப்படி இருக்கும்? மெதுவாக, மாடிக்கு மாடி நின்று நின்று போயிற்று.

முடியப் போகிற சமயத்தில்தான் மகள் அதைச் சொன்னாள். "அப்பா, துணியை விடுங்க. அம்மாவுக்கு நம்மளப் பிடிக்காதுப்பா. நம்ம சண்டைதான் பிடிக்கும். இல்லையா?"

அப்பா பதில் சொல்லவில்லை. அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. சொல்லும்போது சின்னதாகத் தெரியும், பார்க்கும்போது ஒரு டீயை ஆற்றிக் குடித்துவிடலாம். பிறகு, "தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டார். நேரம் முடிந்த மணி அடித்துவிட்டது.

கண்ணாடிக்குப் பின்னால் இவள் என்ன செய்தாள் தெரியுமா? தொடையைத் தட்டினாள். "அடடா, என்ன அருமையான மௌனம்! பாத்தீங்களா சார், என்ன தெளிவு!" என்று பேராசிரியரிடம் சொன்னாள். சத்தியமாக அதைத்தான் சொன்னாள். கேள்வி தன்னைப் பற்றியது என்பதே அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டாள். மௌனம் சம்மதம் என்பார்களே. பெண் கேட்கிறாள், "அம்மாவுக்கு நம்மளப் பிடிக்காது, இல்லையா?" புருஷன் வாய் திறக்கவில்லை. அப்படியென்றால் ஆமாம் என்றுதானே அர்த்தம்?

அன்றைக்கே போய்க் கேட்டிருக்கலாம். அவர் பக்கத்து அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பத்தடி தூரம். கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? பயந்தவள் என்ன செய்தாள் என்றால், படித்தவர்கள் செய்கிற காரியத்தைச் செய்தாள். அந்தப் படத்தையே ஆதாரப் படமாக ஆக்கினாள். குரல் தெளிவாக இருக்கிறது, வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று காரணம் சொன்னாள். உள்ளே இருந்த காரணம் ஒன்றே ஒன்று. நாலு பேர் பார்த்தால் அந்த மௌனத்துக்கு ஒரு அர்த்தம் சொல்வார்கள். நாற்பது பேர் பார்த்தால் நிச்சயமாகச் சொல்வார்கள். தன் பெண்டாட்டியைப் பற்றி ஒரு லிஃப்ட் இன்ஸ்பெக்டர் என்ன நினைக்கிறார் என்று கண்டுபிடிக்க ஆறு நாட்டு அறிஞர்களை வேலைக்கு வைத்தாள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவள் கப்பல் ஏறி அலைந்தாள்.

பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. படம் ஆறு நாடும் சுற்றியது. மகள் வளர்ந்து பல் டாக்டர் ஆனாள். ஒருமுறை ஏதோ விமான நிலையத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு, "நீதானே அந்தப் பொண்ணு! நாலாவது நிமிஷத்துல கண்ணை உருட்டினியே, அதை வச்சுத்தான் நாங்க எல்லாரும் கத்துக்கிட்டோம்!" என்று கண் கலங்கினாளாம். இன்னொருமுறை பல் பிடுங்க வந்த ஆள், வாயைத் திறந்து வைத்த நிலையிலேயே விரலை நீட்டி நீட்டி ஏதோ சொல்ல முயன்றிருக்கிறார். ஊசி மருந்து வேலை செய்து முடிந்தபிறகு பார்த்தால், அவரும் பழைய கோடர். மகள் இதையெல்லாம் வீட்டில் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அம்மாவிடம் மட்டும் சொல்லமாட்டாள். அப்பாவிடம் சொல்வாள், அம்மா பக்கத்து அறையில் இருக்கும்போது.

கோடர்கள் மற்ற எல்லாவற்றிலும் ஒத்துப்போனார்கள். கண் உருட்டலில் ஒற்றுமை. பெருமூச்சில் ஒற்றுமை. அந்த மௌனத்துக்கு வந்தால் மட்டும் ஆளுக்கு ஒரு எண். குளிர்தேசத்துக் குழு வருத்தம் என்றது. தீவு நாடு, அடக்கிய கோபம் என்றது. மலைநாடு மரியாதை என்றது. அவள் ஒவ்வொன்றையும் வாங்கி மனசுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். வருத்தம் என்றால், ஆமாம் என்று வருத்தமா, பெண் இப்படிக் கேட்கிறாளே என்று வருத்தமா? கோபம் என்றால் யார் மேல்? ஒவ்வொரு அறிக்கைக்கும் அவளுக்கு இரண்டு நாள் தூக்கம் கெடும். இதற்கிடையில் பணம் கொடுக்கும் நிறுவனம் கழுத்தைப் பிடித்தது. இந்த வருஷத்துக்குள் கோடர்கள் ஒத்துப்போகாவிட்டால் ஆய்வை இழுத்து மூடிவிடுவோம் என்றது. சரி, உட்கார்ந்து பேசித் தீர்த்துவிடலாம் என்று ஆறு நாடும் வீடியோவில் கூடின.

"வருத்தம்தான். இதுல பேச்சே வேண்டாம்," என்றார் குளிர்தேசத்துப் பேராசிரியர். மேலுக்குச் சால்வை போர்த்தியிருந்தார். "அவரே சொன்னாரே."

"எவரு?" என்றாள் இவள்.

"உங்க வீட்டுக்காரர்தான். போன வருஷம் போன்ல கேட்டேன். ஆமா சார், ரொம்ப வருத்தமா இருந்துச்சுன்னார்."

"என்கிட்ட கோவத்தை அடக்கிக்கிட்டேன்னு சொன்னாரே!" என்றாள் தீவு நாட்டுப் பேராசிரியை.

"மரியாதைன்னார், பெத்த பொண்ணு மேல மரியாதை," என்றார் மலைநாட்டுக்காரர். "எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

பாலைநிலத்துப் பேராசிரியர், தன்னிடம் பிரார்த்தனை என்று சொன்னதாகச் சொன்னார். பெரிய நாட்டுப் பேராசிரியருக்கு முகம் வெளிறிவிட்டது. "என்கிட்ட பசின்னு சொன்னாருங்க," என்றார். "பசியும் தந்தைமையும்னு நான் ஒரு புத்தகமே எழுதிட்டேன். அச்சுல இருக்கு."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. அவள் கம்ப்யூட்டரை மூடிவிட்டு நேராக வீட்டுக்குப் போனாள். வீட்டுக்காரர் முன்னறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது, அஞ்சு பேருக்கு அஞ்சு பதிலா? உங்களுக்கே நல்லா இருக்கா?"

"பாவம்மா அவங்க," என்றார் அவர், காலரைத் திருப்பிப் போட்டபடி. "எவ்வளவு தூரத்துல இருந்து கூப்பிடறாங்க. அவங்களுக்கு என்ன பதில் வேணும்னு கேக்கற விதத்துலயே தெரிஞ்சுடுது. அந்தச் சால்வைக்காரர், 'வருத்தமா இருந்திருக்குமே'ன்னு தழுதழுத்துக்கிட்டுக் கேக்கறார். இல்லைன்னு சொல்ல மனசு வருமா?"

"அந்தப் பெரிய நாட்டு ஆளு? பசியாம்!"

"அவர் கூப்பிட்டப்ப நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். அவராத்தான் கேட்டார்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "அப்ப நம்ம நாட்டுக் குழுவுக்கு என்ன பதில் சொன்னீங்க?"

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "நம்ம நாட்டுக் குழு நீதானே. நீ கேக்கவே இல்லையே."

கேளேன் அம்மா, இப்போதாவது கேளேன். எதிரில் நிற்கிறார், காத்திருக்கிறார். அவள் வாயைத் திறந்தாள். "ஆய்வு செய்யறவங்க அதைக் கேக்கக்கூடாது. அது விதி," என்றாள். அவர் இரண்டு விநாடி பார்த்தார். "சரிம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை விரித்தார்.

இனி ஒரே வழிதான் என்று ஆறு நாடும் முடிவு செய்தன. அதே அப்பாவை, அதே மகளை, அதே அறையில் திரும்ப உட்கார வைப்பது. மகள் அதே கேள்வியைக் கேட்பாள். அப்பா அதே மாதிரி மௌனமாக இருப்பார். எல்லாரும் நேரிலேயே பார்த்து ஒரே எண்ணைப் போட்டுவிடலாம். படித்தவர்கள் நாலு பேர் கூடினால் பைத்தியக்காரத்தனத்துக்கும் தீர்மானம் நிறைவேறிவிடும். மகளுக்கு அம்மாதான் போன் செய்தாள்.

"எப்ப வரணும்?" என்றாள் மகள். பின்னால் பல் ராவும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"உனக்குக் கஷ்டமா இருந்தா வேண்டாம்."

"எனக்கென்ன கஷ்டம்? பழகின சண்டைதானே. ஒரே ஒரு நிபந்தனை. இதோட அந்த டேப்பை மூடிடணும். அதுக்கப்புறம் ஒருத்தருக்கும் போட்டுக் காட்டக்கூடாது."

"சரிடி."

"சரின்னு சொல்லிட்டே. பாப்போம்," என்று வைத்துவிட்டாள்.

ஐந்து பேராசிரியர்களும் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்கள். லிஃப்ட்டில் ஏறப் போனவர்களை வீட்டுக்காரர் தடுத்துவிட்டார். "இதோட சத்தம் எனக்குப் பிடிக்கல, படியில வாங்க" என்று நான்கு மாடியும் ஏற வைத்தார். மேலே வந்து சேர்ந்தபோது குளிர்தேசத்துக்காரர் சால்வையால் வியர்வை துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அறை இரண்டு பேருக்காகக் கட்டியது. அதில் ஆறு பேரும் டெக்னீஷியனும் நுழைந்தார்கள். ஒருவர் எழுதினால் பக்கத்தில் இருப்பவரின் விலா இடித்தது. காதில் மாட்டும் ஹெட்போன் நாலுதான் இருந்தது. அவள் ஒன்றை எடுத்துக்கொண்டாள். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு காது என்று பங்கு போட்டுக்கொண்டார்கள்.

உள்ளே அப்பாவும் மகளும் உட்கார்ந்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஐயா, அன்னிக்கு மாதிரியே மௌனமா இருந்தாப் போதும்," என்றார் டெக்னீஷியன் மைக்கில்.

"அன்னிக்கு எந்த மாதிரி இருந்தேன்?"

"அதைத்தான் ஐயா கண்டுபிடிக்கணும். நீங்க சும்மா இருங்க."

முதல் தடவை மகள் கேள்வியைக் கேட்க ஆரம்பித்ததுமே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவது தடவை ஒழுங்காகக் கேட்டாள். அப்பா தொண்டையைக் கனைத்தார். "அன்னிக்கு கனைக்கல!" என்று தீவு நாட்டுப் பேராசிரியை கண்ணாடியைத் தட்டினாள். மூன்றாவது தடவை மௌனம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் நடுவில் அவர், "இன்னும் இருக்கணுமா?" என்று கேட்டுவிட்டார். நாலாவது தடவை மகள், "அப்பாவுக்கு நம்மளப் பிடிக்காதும்மா" என்று மாற்றிச் சொல்லிவிட்டாள். பெரிய நாட்டுப் பேராசிரியர் மட்டும் ரகசியமாக, அப்பாவுக்கு இப்போது பசிக்கிறதா என்று விசாரிக்கச் சொன்னார். அவருடைய புத்தகம் அவருக்கு.

"டீ சாப்பிட்டுட்டு வந்து பாக்கலாம்," என்று முடிவாயிற்று. டெக்னீஷியன் டீ வாங்கப் போனார். போகிற அவசரத்தில் எதையும் அணைக்கவில்லை. விளக்கு எரிந்தபடியே இருந்தது. மைக் வேலை செய்தபடியே இருந்தது. பேராசிரியர்கள் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து, பெருமூச்சின் மூன்றாவது வகையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை. அவளுக்கு அது பழக்கம். ஆட்கள் உள்ளே இருக்கும்வரை கழற்றமாட்டாள்.

மகள் நாற்காலியில் சாய்ந்து கண்ணைக் கசக்கினாள். "அப்பா, நான் ஒண்ணு கேக்கவா? நிஜமாவே அன்னிக்கு என்ன நினைச்சீங்க?"

"நான் எதையும் நினைக்கலம்மா. காத்துக்கிட்டு இருந்தேன்."

"எதுக்கு?"

"உங்கம்மாவுக்குத்தான்." அவர் கதவைக் காட்டினார். "நீ கேட்டது அவளைப் பத்தி. அவ இந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்திருக்கான்னு எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். நீ என்னைப் பாத்தா கேட்டே? கண்ணாடியைப் பாத்துத்தானே கேட்டே. நான் ஏதாவது சொன்னா அது என் பதிலாப் போயிடும். உனக்கு அது வேண்டியதில்ல. கதவைத் தொறந்துக்கிட்டு வருவா, 'என்னடி பேச்சு இது'ன்னு ரெண்டு திட்டு திட்டுவா, இல்ல கட்டிப்பிடிச்சு அழுவா, எப்படியும் வந்துடுவான்னு கதவையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

"வரலையே."

"வரல. உன் உதடு நடுங்க ஆரம்பிச்சுது. அதுக்கு மேல எனக்குத் தாங்கல. அதான் தண்ணி குடிக்கிறியான்னு கேட்டேன்."

பிஸ்கட் சத்தம் நின்றுவிட்டது. ஹெட்போனில் ஒரு காது வைத்திருந்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்ல, அறை முழுக்கக் கிசுகிசுவென்று பரவியது. "காத்திருத்தல்!" என்றார் மலைநாட்டுக்காரர். "காத்திருத்தலுக்கு நம்ம பட்டியல்ல எண்ணே கிடையாதே," என்றார் குளிர்தேசத்துக்காரர், வயிற்றில் அடித்துக்கொள்ளாத குறையாக. "புதுசா ஒண்ணு போடணும். நாப்பத்தி மூணு காலியா இருக்கா பாருங்க."

அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். பன்னிரண்டு வருஷமாக அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பாள்! அவர் பார்வை பக்கவாட்டில் போகும். "பார்வையை விலக்குதல், தவிர்ப்பு" என்று அவளே தன் கையால் எண் போட்டாள். கோடர்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாள். தவிர்க்கவில்லை அந்த மனிதர். அவளைத் தேடியிருக்கிறார். அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. முகம் சுட்டது. பிடிக்காது என்று சொல்லிவிடுவாரோ என்று அவள் பயந்துகொண்டிருந்த நேரமெல்லாம், பதில் சொல்லவேண்டிய ஆள் அவளாகவே இருந்திருக்கிறாள்.

எழுந்து, பேராசிரியர்களின் முழங்கால்களை எல்லாம் தாண்டிக்கொண்டு கதவுப் பக்கம் போனாள்.

"மேடம், எங்க போறீங்க? விளக்கு எரியுது!" என்று தீவு நாட்டுப் பேராசிரியை அவள் கையைப் பிடித்தாள். "பதிவு ஓடிக்கிட்டு இருக்கு மேடம்! இதுதான் இருக்கறதுலயே நல்ல பதிவு!"

"விடும்மா," என்றாள். வெளியே போய், அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

விளக்கு எரியும்போது அந்த அறைக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. உள்ளே இருந்து பார்த்தால் கண்ணாடியில் யாரும் தெரியவில்லை. அவள்தான் தெரிந்தாள், கலைந்த தலையும் கையில் பேனாவும் தாளும் இல்லாத தவிப்புமாக. மகள் நிமிர்ந்து பார்த்தாள். அப்பா எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார். அவள் உட்காரவில்லை.

"பிடிக்கும்," என்றாள்.

"எது?" என்றாள் மகள்.

"ரெண்டும்." பொய் சொல்ல வரவில்லை அவளுக்கு. "உங்களையும் பிடிக்கும், சண்டையும் பிடிக்கும். ஆனா உங்களைத்தான் முதல்ல பிடிக்கும். அது எப்பவும் அப்படித்தான் இருந்துச்சு. எனக்குத்தான் வெளியில காட்டத் தெரியல."

"அப்ப ஏம்மா அன்னிக்கு வரல? நான் கண்ணாடியைப் பாத்துக் கேட்டேன்மா. எனக்குப் பதினஞ்சு வயசு."

விதி என்று சொல்லலாம். சிவப்பு விளக்கைக் காட்டலாம். நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. சுவரோரம் நின்ற மனிதரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், இந்தத் தடவை உதவிக்கு வரவில்லை.

"வந்திருந்தா பதிவு கெட்டுப்போயிருக்கும்," என்றாள். "அவ்வளவு நல்லா வந்துக்கிட்டு இருந்துச்சு. நீ சொன்னது என் காதுல விழுந்துச்சு, மனசுல விழலடி. விழுந்தப்ப பல்லு தேச்சுக்கிட்டு இருந்தேன். அப்புறம் வர பயமாப் போச்சு."

மகள் ஒன்றும் சொல்லவில்லை. அவளைப் பார்க்கவுமில்லை. ஜாடியின் மூடியை எடுத்து, திரும்ப மூடினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐந்து பேனாக்கள் தயாராக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பழக்கதோஷத்தில் அவளும் மகளின் கையைப் பார்த்தாள், புருவத்தைப் பார்த்தாள், மூச்சைப் பார்த்தாள். ஒரு எண்ணும் வரவில்லை. உலகத்தில் இதைப் பற்றி எல்லாம் தெரிந்தவள் என்று பெயர் வாங்கினவளுக்கு, தான் பெற்ற பெண் எதிரில் பேசாமல் இருப்பதற்கு என்ன அர்த்தம் என்று கடுகளவும் விளங்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஏண்டி பேசமாட்டேங்கறே?" என்று கேட்டாள். "கோவமா?"

மகள் தலை நிமிர்ந்தாள்.

"ஆமாம்மா," என்றாள். "ரொம்பக் கோவம். உக்காரு, சொல்றேன்."